பசங்க மனசுக்குள்ள ஓடுற பேச்சு: டீச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாடம் சொல்லிக்குடுக்கிற எல்லா டீச்சருக்கும் சாருக்கும் கோச்சுக்கும் வணக்கம்.

நானும் உங்க தொழில்ல இருக்கிறவதான், ஆனா என்கிட்ட வர்றவங்க பசங்க இல்ல, பெரியவங்க. படிப்பை பாதில விட்டுட்டு வேலை குடும்பம்னு போயிட்டு, இப்ப முப்பது நாப்பது வயசுல ஒரு தகுதித் தேர்வுக்காகவோ ப்ரொமோஷனுக்காகவோ, இல்ல தன் குழந்தைக்கு ஹோம்வொர்க் சொல்லிக்குடுக்க முடியலையேன்னோ மறுபடி கணக்கு படிக்க வர்றவங்க. நீங்க சொன்ன வார்த்தைங்க இருபது வருஷம் கழிச்சு என்ன ஆகுதுன்னு பாக்கிற இடத்துல நான் இருக்கேன், அதனாலதான் இந்த மடலை உங்களுக்கு எழுதணும்னு தோணுச்சு.

வந்து உக்காந்து இன்னும் பேனா மூடியைக்கூட கழட்டிருக்க மாட்டாங்க, அதுக்குள்ள "மேடம், முன்னாடியே சொல்லிடுறேன், எனக்கு கணக்கு சுத்தமா வராது" அப்படின்னுடுவாங்க. இதை ஏதோ ரத்த வகை சொல்ற மாதிரி சொல்லுவாங்க, மாத்தவே முடியாத ஒரு விஷயம் மாதிரி. யாருங்க உங்களுக்கு இதை சொன்னதுன்னு கேட்டா கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு ஏதோ ஒரு வகுப்பு, ஏதோ ஒரு டீச்சர், சில பேருக்கு சொன்ன அந்த வாக்கியமே அட்சரம் பிசகாம ஞாபகம் இருக்கு. பாடம் எல்லாம் மறந்து போச்சு, பின்னம் மறந்து போச்சு, அந்த ஒரு வரி மட்டும் மறக்கல. ஏன்னா பாடத்தை அவங்க பரீட்சைக்கு முன்னாடி மட்டும்தான் சொல்லிப் பாத்தாங்க, இந்த வரியை ஒவ்வொரு தடவை நம்பரைப் பாக்கும்போதும் சொல்லிப் பாத்திருக்காங்க.

உங்களை குத்தம் சொல்ல நான் இதை எழுதல. ஒரு ரூம் நிறைய பசங்க, முடிக்க வேண்டிய போர்ஷன், மேல இருந்து வர்ற ப்ரஷர், இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா ஒரு பிள்ளை தனக்குத்தானே என்ன பேசிக்குதுங்கிறதுல உங்களுக்கு எவ்வளவு பெரிய பங்கு இருக்குன்னு யாரும் உங்ககிட்ட சரியா சொல்லலைன்னு நினைக்கிறேன், அதை சொல்லியே ஆகணும்.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி, 1934-ல வெறும் 37 வயசுல செத்துப்போனவர், அவர் கவனிச்ச விஷயம் இது. சின்னப் பசங்க விளையாடும்போதும் வரையும்போதும் தனக்குத்தானே சத்தமா பேசிக்கிறாங்க இல்லையா, அதை வெட்டிப் பேச்சுன்னு அவர் எடுத்துக்கல. வரைஞ்சிட்டு இருக்கிற பிள்ளைக்கு வேணும்னே ஒரு கலர் பென்சில் கிடைக்காத மாதிரி பண்ணிப் பாத்தாரு, அப்ப அந்தப் பேச்சு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆச்சு. அதாவது சிக்கல் வந்தாதான் பேச்சு கூடுது, பிள்ளை பேசிப்பேசித்தான் வழி தேடுது. இந்தப் பேச்சு வயசாக ஆக காணாம போகல, உள்ள போயிடுதுன்னு சொன்னாரு. முதல்ல பெரியவங்க பிள்ளைகிட்ட பேசுறாங்க, அப்புறம் பிள்ளை அதையே தனக்கு சத்தமா சொல்லிக்குது, அப்புறம் அது முணுமுணுப்பாகி, கடைசில சத்தமே இல்லாம மனசுக்குள்ள ஓடுது. நம்ம எல்லாரோட மனசுக்குள்ளயும் ஓடுற பேச்சுக்கு வெளிய ஒரு ஆரம்பம் இருந்திருக்கு. ஸ்கூல் இருக்கிற நாள்ல ஒரு பிள்ளை முழிச்சிருக்கிற நேரத்துல கிட்டத்தட்ட பாதியை உங்க முன்னாடி கழிக்குது, அப்ப அந்தப் பேச்சுல எவ்வளவு உங்களோடதா இருக்கும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

"சரி, மனசுக்குள்ள ஏதோ ஓடுது, அதனால என்ன, கணக்கைப் போட்டா போதாதா"ன்னு சிலர் கேப்பீங்க. போதாதுங்க, ஏன்னா இது ஃபீலிங் சமாச்சாரம் மட்டும் இல்ல, இடப் பிரச்சனை. நம்மளால ஒரே நேரத்துல மனசுல பிடிச்சு வெச்சு வேலை செய்யக்கூடிய விஷயங்க ரொம்பக் கொஞ்சம், நாலு சொச்சம்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. ஒரு கணக்கு போடும்போது கேள்வில என்ன குடுத்திருக்கு, என்ன கேட்டிருக்கு, இப்ப எந்த ஸ்டெப்ல இருக்கேன், கையில மிச்சம் எவ்வளவு, அவ்வளவுதான், ரூம் ஃபுல். அதுல "ஐயோ தப்பாத்தான் வரும், எல்லாரும் முடிச்சிட்டாங்க, நான் மட்டும்"னு ஒண்ணு வந்து உக்காந்தா கணக்கோட ஏதோ ஒரு துண்டு கீழ விழுந்துதான் ஆகணும். கணக்கு பயம் அதிகமா இருக்கிறவங்களுக்கு கணக்கு போடும்போது இந்த வேலை செய்ற நினைவாற்றல் குறையுதுன்னு 2001-ல ஆஷ்கிராஃப்ட், கிர்க்னு ரெண்டு பேர் காட்டினாங்க. அந்தப் பிள்ளைக்கு அறிவு கம்மி இல்ல, இடம்தான் கம்மியாயிடுச்சு. வெளிய இருந்து பாக்கும்போது ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், அதுதான் கொடுமை.

"மக்கு", "உனக்கெல்லாம் எதுக்கு படிப்பு" மாதிரி வார்த்தைகளைப் பத்தி நான் அதிகம் பேசப் போறதில்ல, அது தப்புன்னு சொல்றவங்களுக்கே தெரியும், தெரிஞ்சேதான் சொல்றாங்க, அதை நிறுத்தணும், அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது நல்ல மனசோட சொல்ற வார்த்தைங்களைப் பத்தி.

ஒரு பிள்ளை மார்க் கம்மியா வாங்கி முகம் வாடி நிக்குது, உங்களுக்கு பாவமா இருக்கு, "விடும்மா, எல்லாருக்கும் கணக்கு வரணும்னு இல்ல, உனக்கு வேற திறமை இருக்கு"ன்னு தட்டிக்குடுக்கறீங்க. கேக்க எவ்வளவு இதமா இருக்கு. 2012-ல அனீதா ரத்தன், கேத்தரின் குட், கேரல் ட்வெக் மூணு பேரும் சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கணக்குத் திறமை பிறவிலயே முடிவாயிடுதுன்னு நம்புற ஆசிரியர்கள் ஒரே ஒரு டெஸ்ட் மார்க்கை வெச்சே "இந்தப் பிள்ளைக்கு வராது"ன்னு முடிவு கட்டுறது அதிகம்னும், அப்புறம் இந்த மாதிரி ஆறுதல் சொல்றதும், ஹோம்வொர்க் குறைக்கிறதும், கிளாஸ்ல கேள்வி கேக்காம விடுறதும் பண்றாங்கன்னும் அதுல வந்துச்சு. அந்த ஆறுதல் தங்களுக்குக் கிடைச்சதா நினைச்சுப் பாத்த மாணவர்களுக்கு ஊக்கமும் குறைஞ்சுது, வருஷக் கடைசில தனக்கு எவ்வளவு மார்க் வரும்ங்கிற எதிர்பார்ப்பும் குறைஞ்சுது. அன்பாத்தான் சொன்னாங்க, பிள்ளை காதுல விழுந்தது "டீச்சரே என்னை கைவிட்டுட்டாங்க"ன்னு. என்கிட்ட வர்றவங்கள்ல திட்டு வாங்கினவங்களை விட இந்த ஆறுதல் வாங்கினவங்களை மாத்துறதுதான் எனக்கு கஷ்டமா இருக்கு, ஏன்னா திட்டினவங்க மேல கோபப்படலாம், "நான் போட்டுக் காட்டுறேன் பார்"னு ஒரு வீம்பாவது வரும், அன்பா சொன்னவங்க சொன்னதை எதை வெச்சு மறுக்கிறது?

பாராட்டுலயும் இதே சிக்கல் இருக்கு. 1998-ல கிளாடியா ம்யூலரும் கேரல் ட்வெக்கும் அஞ்சாங்கிளாஸ் பசங்களுக்கு சில புதிர்கள் குடுத்தாங்க. முடிச்சதும் சில பேர்கிட்ட "நீ ரொம்ப புத்திசாலி"ன்னாங்க, சில பேர்கிட்ட "நல்லா உழைச்சிருக்க"ன்னாங்க, ஒரே ஒரு வரிதான் வித்தியாசம். அடுத்து எல்லாருக்கும் கஷ்டமான புதிர் குடுத்து தடுமாற வெச்சு, மூணாவதா மறுபடி முதல்ல குடுத்த மாதிரியே சுலபமானது குடுத்தாங்க. புத்திசாலின்னு கேட்ட பசங்க முதல் ரவுண்டை விட கம்மியா பண்ணாங்க, உழைப்புக்கு பாராட்டு வாங்கினவங்க முன்னை விட நல்லா பண்ணாங்க. இன்னொண்ணும் நடந்துச்சு, வேற ஸ்கூல் பசங்களுக்கு உன் ஸ்கோரை எழுதுன்னு சொன்னப்ப புத்திசாலின்னு பேர் வாங்கின பசங்கள்ல பத்துல நாலு பேர் கிட்ட பொய்யா கூட்டி எழுதினாங்க. ஒரு பத்து வயசு பிள்ளை முகம் தெரியாத யாருக்கோ பொய் சொல்லுது, எதுக்கு? கொஞ்சம் முன்னாடி குடுத்த அந்தப் பட்டத்தைக் காப்பாத்த. டாப்பர்னு நீங்க தூக்கி வெச்ச பிள்ளை கஷ்டமான கேள்வியைத் தொடாம ஒதுங்கினா அது சோம்பேறித்தனமா, பயமான்னு ஒரு தடவை உத்துப் பாருங்க.

இப்ப ஸ்கூல் சுவத்துல எல்லாம் "என்னால் முடியும்", "நான் சிறந்தவன்"னு ஒட்டியிருக்கு, அசெம்ப்ளில சத்தமா சொல்லவும் வைக்கிறாங்க. நல்ல எண்ணம்தான், ஆனா அது யாருக்கு தேவையோ அவங்களுக்கு வேலை செய்றதில்ல. 2009-ல ஜோயன் வுட்ங்கிற உளவியலாளரோட குழு ஒரு சோதனை பண்ணுச்சு, "நான் அன்புக்குரியவன்"னு திரும்பத் திரும்ப சொல்லிக்கச் சொன்னப்ப, தன் மேல ஏற்கனவே மதிப்பு கம்மியா இருந்தவங்களுக்கு மனநிலை இன்னும் மோசமாச்சு. யோசிச்சா புரியுது, நம்பாத ஒண்ணை சொன்னா உள்ள இருந்து "யார்கிட்ட கதை விடுற"ன்னு ஒரு எதிர்க்குரல் உடனே வருது, அப்ப சண்டை போட இன்னும் கொஞ்சம் இடம் போச்சு.

இதுக்கு பதில் மாதிரி வந்த ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2020-ல நெதர்லாந்துல சாண்டர் தோமஸும் கூட இருந்தவங்களும் 9-லிருந்து 13 வயசு வரைக்கும் உள்ள பசங்களுக்கு கணக்கு டெஸ்ட் வெச்சாங்க, நடுவுல நிறுத்தி சில பேரை மனசுக்குள்ள "நான் இதுல கெட்டிக்காரன்"னு சொல்லிக்கச் சொன்னாங்க, சில பேரை "நான் என்னால ஆன அளவு முயற்சி பண்ணுவேன்"னு சொல்லிக்கச் சொன்னாங்க. தனக்கு கணக்கு வராதுன்னு நினைச்சிட்டிருந்த பசங்களுக்கு ரெண்டாவது வரி உதவுச்சு, முதல் வரி உதவல. திறமை இருக்கா இல்லையான்னு வாதாடுற வரி அது இல்ல, அடுத்த நிமிஷம் என்ன செய்யப் போறேன்னு சொல்ற வரி. அதை நம்புறதுக்கு எந்த சாட்சியும் தேவையில்ல.

என் அனுபவத்துல இன்னும் ஒரு படி கீழ இறங்கினா இன்னும் நல்லா வேலை செய்யுது, அதாவது முயற்சி பண்ணுவேன்னு சொல்றதோட நிக்காம என்ன முயற்சின்னும் சொல்றது. மூணுல ஒண்ணும் நாலுல ஒண்ணும் கூட்டணும்னு வைங்க, 1/3 + 1/4. பயத்துல இருக்கிறவங்க மேல மேலயும் கீழ கீழயும் கூட்டி 2/7-னு எழுதிட்டு சட்டுனு பேனாவை கீழ வெச்சுடுவாங்க, அந்த இடத்தை விட்டு ஓடணும் அவ்வளவுதான். நான் அவங்களை வாய்விட்டு பேச வைப்பேன். "கீழ இருக்கிறது ரெண்டும் வேற வேற, அப்ப அப்படியே கூட்ட முடியாது. ஒரே மாதிரி ஆக்கணும். மூணும் நாலும் எங்க சேரும், 12-ல. மூணுல ஒண்ணுன்னா 12-ல 4, நாலுல ஒண்ணுன்னா 12-ல 3, மொத்தம் 7, ஆக 7/12. இரு, சரியா இருக்கான்னு பாப்போம், 7/12-னா அரைக்கு கொஞ்சம் மேல, ரெண்டையும் சேர்த்தா அப்படித்தான் வரணும். முன்னாடி எழுதின 2/7 மூணுல ஒண்ணை விடவே சின்னது, கூட்டினப்புறம் எப்படி குறையும், அப்ப அது தப்பு." இந்தப் பேச்சுல "நான்" எங்கயும் வரல பாருங்க, புத்திசாலி முட்டாள்ங்கிறதுக்கு அங்க வேலையே இல்ல, கணக்கு மட்டும்தான் இருக்கு. தப்பைக் கண்டுபிடிச்சது கூட கணக்கை வெச்சுத்தான், டீச்சர் முகத்தை வெச்சு இல்ல. இப்படி ஒருத்தங்க தன் தப்பைத் தானே பிடிச்ச அன்னைக்கு அவங்க உக்காந்திருக்கிற விதமே மாறிடும்ங்க, அதை நான் எத்தனை தடவை பாத்தாலும் சலிக்கறதில்ல.

இதை சொல்லிக்குடுக்க ஒரு முறையும் ரொம்ப நாளா இருக்கு. 1971-ல மைக்கன்பாம், குட்மன் ரெண்டு பேரும் அவசரக்காரப் பசங்களுக்கு இதைப் பண்ணாங்க. முதல்ல பெரியவங்க வேலையை செஞ்சுகிட்டே சத்தமா யோசிச்சுக் காட்டணும், அடுத்து பிள்ளை செய்யும்போது பெரியவங்க சொல்லிக்குடுக்கணும், அப்புறம் பிள்ளை தானே சத்தமா சொல்லிகிட்டு செய்யணும், அப்புறம் முணுமுணுத்துகிட்டு, கடைசில மனசுக்குள்ள. வைகோட்ஸ்கி சொன்ன பாதையேதான், தெரிஞ்சே நடத்திக் கூட்டிட்டுப் போறாங்க. இதுல முக்கியமா பெரியவங்க வேணும்னே ஒரு தப்பு பண்ணி, "பரவால்ல, தப்பாயிடுச்சு, மெதுவா திருத்திட்டு போலாம்"னு அதையும் சத்தமா சொல்லிக் காட்டுவாங்க. நம்ம போர்டுல எப்பவும் தப்பே இல்லாத கணக்கைத்தானே போட்டுக் காட்டுறோம்? தப்பு வந்தா ஒரு மனுஷன் உள்ள என்ன பேசிக்கணும்னு பிள்ளை எங்க போய் கத்துக்கும்?

கோச்சுங்களுக்கு இது புதுசா இருக்காது. விளையாட்டுல தனக்குத்தானே பேசிக்கிறது பத்தின 32 ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல ஒண்ணு வந்துச்சு, பேச்சு உதவுதுன்னும், அதுலயும் துல்லியம் தேவைப்படுற நுணுக்கமான அசைவுகளுக்கும் புதுசா கத்துக்கிற வேலைகளுக்கும் கூடுதலா உதவுதுன்னும் அதுல இருந்துச்சு. "பந்தைப் பாரு", "முழங்கையை உயர்த்து"ன்னு நீங்க சொல்ற குட்டிக் குட்டி வார்த்தைங்கதான் அது, அதை மேட்ச் அன்னைக்கு மட்டும் கத்தாம ப்ராக்டீஸ்லயே அவங்க வாய்ல இருந்தே வர வைங்க, பழக்கி வெச்ச பேச்சுதான் அதிகமா பலன் குடுக்குதுன்னும் அதே ஆய்வு சொல்லுது. பதட்டம் அதிகமா இருக்கிற பிள்ளைகிட்ட தன் பேரை சொல்லியே பேசிக்கச் சொல்லலாம், யாரோ பக்கத்துல நின்னு சொல்ற மாதிரி கொஞ்சம் தள்ளி நின்னு பாக்க முடியும், ஈதன் க்ராஸோட குழு 2014-ல இதை சோதிச்சுப் பாத்து நல்ல பலன் இருந்ததா எழுதினாங்க.

இங்க ஒரு விஷயத்தை அழுத்தி சொல்லியாகணும். மைண்ட்செட் மைண்ட்செட்னு, அதாவது திறமை பிறவிலயே முடிவானதா, வளரக்கூடியதாங்கிற நம்பிக்கையைப் பத்தி இப்ப எல்லா ட்ரெய்னிங்லயும் பேசுறாங்க, அது மந்திரம் இல்ல. 2018-ல வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு மைண்ட்செட்டுக்கும் மார்க்குக்கும் உள்ள தொடர்பு மொத்தத்துல பலவீனமானதுன்னு காட்டுச்சு. 2019-ல அமெரிக்கா முழுக்க 12,000 பேர் அளவுக்கு ஒன்பதாங்கிளாஸ் மாணவர்களை வெச்சு பண்ண ஆய்வுல, திறமை வளரும்னு சொல்லிக்குடுக்கிற, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒரு ஆன்லைன் பாடம் மார்க் கம்மியா வாங்கிட்டிருந்த பசங்களோட சராசரியை 4 புள்ளி அளவுகோல்ல 0.1 உயர்த்துச்சு. சின்ன மாற்றம்தான், ஆனா அவ்வளவு கொஞ்ச நேரத்துக்கு அது நிஜமான மாற்றம். இதைத் தாண்டி எதையும் எதிர்பாத்தா ஏமாந்து போவீங்க, ஏமாந்த கோபத்துல "உன் மைண்ட்செட் சரியில்ல"ன்னு பிள்ளை மேலயே பழியைப் போடுவீங்க. இதை நான் கேட்டிருக்கேன், மக்குன்னு சொன்ன இடத்துல இப்ப "நெகட்டிவ் மைண்ட்செட்"னு சொல்றாங்க, குச்சி மாறல. அடிப்படை புரியாம விட்டுப்போன பிள்ளைக்கு அந்த அடிப்படையை சொல்லிக்குடுங்க, வீட்ல படிக்க இடமில்லாத பிள்ளைக்கு ஸ்கூல்ல கொஞ்ச நேரம் இடம் குடுங்க, இதெல்லாம் பண்ணாம நம்பிக்கை வை நம்பிக்கை வைன்னு மட்டும் சொன்னா, தோத்ததுக்கும் அவனே காரணம்னு ஆயிடும். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-லயே சொன்னது, தன்னால முடியும்ங்கிற நம்பிக்கைக்கு முதல் ஊத்து தானே ஒரு தடவை முடிச்சுப் பாத்த அனுபவம், அடுத்தவங்க வாய் வார்த்தை அதுக்கு அப்புறம்தான்.

அந்த 2019 ஆய்வுல இருந்த தகவலையே வெச்சு 2022-ல இன்னொண்ணு வந்துச்சு. பசங்களுக்கு சொல்லிக்குடுத்த அந்தப் பாடம் எந்த கிளாஸ்ல வேலை செஞ்சுதுன்னு பாத்தா, திறமை வளரும்னு டீச்சரும் நம்பின கிளாஸ்ல கணக்கு மார்க் கூடுச்சு, டீச்சர் நம்பாத கிளாஸ்ல பெருசா ஒண்ணும் நடக்கல. பசங்க மனசுல விதைச்சாலும் டீச்சர் மனசுலதான் தண்ணி. உங்களுக்கே ஒரு பாடம் பத்தி பயம் இருந்தா அதையும் பாக்கணும், 2010-ல சியான் பைலாக் குழு ஒண்ணாங்கிளாஸ் ரெண்டாங்கிளாஸ் பெண் டீச்சர்களைப் பாத்தாங்க, கணக்கு பயம் அதிகமா இருந்த டீச்சர்கிட்ட ஒரு வருஷம் படிச்ச பெண் குழந்தைகள்ல "ஆம்பளப் பசங்கதான் கணக்குல கெட்டி"ன்னு நம்ப ஆரம்பிச்சவங்க அதிகம், அப்படி நம்பின குழந்தைகளோட மார்க்கும் கம்மி. "எனக்கே இந்த சாப்டர் பிடிக்காது, சீக்கிரம் முடிச்சிடலாம்"னு சிரிச்சுகிட்டே சொல்றது முன் பெஞ்சுல இருக்கிற ஒரு பொண்ணுக்கு என்னவா கேக்கும்னு யோசிங்க.

நீங்க தினமும் எழுதுற ரிமார்க்ஸ் பத்தி ஒண்ணு கேட்டுட்டு முடிச்சுக்கிறேன். அமெரிக்காவுல ஒரு ஆய்வுல ஏழாங்கிளாஸ் பசங்க எழுதின கட்டுரையைத் திருத்தி குடுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினாங்க, "உன்கிட்ட எனக்கு பெரிய எதிர்பார்ப்பு இருக்கு, உன்னால அதை எட்ட முடியும்னு தெரியும், அதனாலதான் இவ்வளவு குறிப்பு எழுதிருக்கேன்"ங்கிற அர்த்தத்துல. 2014-ல வந்தது அது. சின்ன ஆய்வுதான், ஆனா கறுப்பின மாணவர்கள்ல, கட்டுரையைத் திருத்தி மறுபடி குடுத்தவங்க இந்தச் சீட்டு இல்லாதப்ப 17 சதவீதம், இந்தச் சீட்டு இருந்தப்ப 70 சதவீதத்துக்கு மேல. சீட்டு மட்டும் அதைப் பண்ணல, கூடவே எங்க தப்பு, எப்படி திருத்தணும்னு ஒழுங்கா எழுதியும் குடுத்திருந்தாங்க, ரெண்டும் சேர்ந்துதான்.

அதனால இந்த டேர்ம் ரிப்போர்ட் கார்டுல "முன்னேற்றம் தேவை", "கவனக் குறைவு", "வெரி குட்"னு எழுதப் போறதுக்கு முன்னாடி அந்தப் பிள்ளை அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை எழுதுங்க. "பின்னம் கூட்டும்போது விடை அரைக்கு மேலயா கீழயான்னு முதல்லயே ஊகிச்சுப் பாரு" மாதிரி, பிள்ளை தனக்குத்தானே அப்படியே சொல்லிக்கக்கூடிய ஒரு வரி. நல்லா படிக்கிற பிள்ளைக்கும் எழுதுங்க, அதுக்கும் அடுத்த வேலைன்னு ஒண்ணு இருக்கும். நேரம் கிடைக்கிறப்ப ஒரே ஒரு பிள்ளையை கூப்பிட்டு, "கணக்குல மாட்டிகிட்டா உள்ள என்ன சொல்லிப்ப?"ன்னு கேளுங்க, திருத்தாம, ஆறுதல் சொல்லாம முழுசா கேளுங்க. உங்களுக்கு என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கு எழுதினா சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு அன்போட,
பெரியவங்களுக்கு கணக்கு சொல்லிக்குடுக்கிற ஒருத்தி